அடுப்பு எரியாத வீடு

ஓய்வு பெற்றபின் நான் வேலை பார்த்த மருத்துவமனைப் பக்கம் அதிகம் போவதில்லை. போனால் யாராவது ஒரு வேலையைக் கையில் திணித்துவிடுவார்கள். போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஒருநாள் வகுப்பு எடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்குக் குழாய் வழியாக ஆகாரம் கொடுக்க இப்போது மெஷின் வந்துவிட்டது. பையை மாட்டி பட்டனைத் தட்டினால் அதுவே சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொள்கிறது. எங்காவது அடைத்தால் கூவிக் கூப்பிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அது வந்திருந்தால் என் தலையில் நரை கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும்.

மதியம் நர்ஸ்களின் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தேன். நிவேதா என்று ஒரு பெண், ஊத்துக்கோட்டைப் பக்கம். நின்றபடியே எலுமிச்சை சாதத்தை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். வார்டிலிருந்து அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். பாதி டப்பாவை மூடிக்கொண்டே சலித்துக்கொண்டாள்.

"இந்தச் சாப்பாடே ஒரு பேஜாரு மேடம். ஆக்கணும், கட்டிக்கினு வரணும், துன்னணும், டப்பா கழுவணும். ஒரு மாத்திரை போட்டுக்கினா நாளெல்லாம் ஓடிடணும். பசியும் வேணாம், ருசியும் வேணாம். இன்னா நல்லா இருக்கும்!"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்ட அந்த வரம் கிடைத்த ஓர் ஆளை எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி, செவ்வாப்பேட்டையில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் அவர் நினைப்புதான். அன்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

நிவேதாவை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அவளைப் போலவே நினைத்தவள்தான். அவளுக்கு நேரம் இல்லை என்கிற அலுப்பு. எனக்குப் பயம். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைப்பு நடத்தினேன். மனிதனுக்கு மூச்சுப் போகும் வழியும் சோறு போகும் வழியும் தொண்டையில் ஒரே இடத்தில்தான் பிரிகின்றன. ஒரு வாய்ச் சோறு தடம் மாறினால் ஆள் காலி. இதைப் படித்தவளால் நிம்மதியாக ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட முடியுமா? பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசையில் இருப்பவர்களின் தொண்டையைத்தான் பார்ப்பேன். பேசிக்கொண்டே சாப்பிடும் கிழவரைக் கண்டால் எனக்கு வியர்க்கும். "நீ சாப்பிட வந்தியா, டூட்டி பாக்க வந்தியா?" என்று என் வீட்டுக்காரர் இலைக்கடியில் காலை மிதிப்பார். மனிதனைப் படைத்தவன் இந்தச் சாப்பாடு ஒன்றை விட்டுவிட்டுப் படைத்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதி, கஞ்சி போட்ட சீருடை, பரீட்சை, கொஞ்சம் அழுகை. வேலை கற்றுக்கொண்டது எல்லாம் ரோசலின் சிஸ்டரிடம்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவரிடம் இன்னும் பயம். பின்னால் வந்து நிற்பது தெரியாது. திரும்பினால் நின்றுகொண்டு நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குழாயில் ஆகாரம் கொடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு, அதில் ஒரு நூல் பிசகக் கூடாது. முதலில் நோயாளியிடம் சொல்ல வேண்டும், அவர் நினைவில்லாமல் கிடந்தாலும் சரி. "ஐயா, கஞ்சி வருது" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கட்டிலில் கை வைக்க வேண்டும். அப்புறம் தலைமாட்டை உயர்த்த வேண்டும். சிரிஞ்சைக் குழாயில் மாட்டி இழுத்து, வருவது இரைப்பையின் நீர்தானா என்று நிறத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் காற்றைச் செலுத்தி, ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்க வேண்டும். (இப்போது எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதி செய்கிறார்கள், காற்றுச் சத்தத்தை நம்புவதில்லை. அதுதான் சரி.) பிறகு சிரிஞ்சின் உள்ளே தள்ளும் தண்டை உருவிவிட்டு, அதை உயரப் பிடித்துக் கஞ்சியை ஊற்ற வேண்டும். அது தன் கனத்தில் தானே இறங்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் அன்றோடு நம் கதை முடிந்தது. கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, நோயாளியை அதே சாய்மானத்தில் வைத்திருக்க வேண்டும்.

"இது சோறு ஊட்டுறதுன்னு நினைக்காதே வசந்தா. ஊசி போடுறதுக்கு எப்படிப் பயப்படுவியோ அப்படிப் பயப்படு" என்பார் சிஸ்டர். அவருடைய இளவயதில் வேறோர் ஊரில் ஒரு நர்ஸ், குழாய் மூச்சுக்குழாய்க்குள் போயிருப்பது தெரியாமல் ஒரு டம்ளர் கஞ்சியை ஊற்றிவிட்டாளாம். அந்த நோயாளியின் கண் எப்படி மேலே செருகியது என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. முதல் வருஷம் பூராவும் சிரிஞ்சை ஒரு கையால் பிடித்ததே இல்லை. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்வேன்.

இனி தயாளன் கதைக்கு வருகிறேன்.

கவரப்பேட்டைப் பக்கத்து ஆள். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாக இருந்த குடும்பம். தயாளன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, இரண்டு பெண் குழந்தைகளோடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் இருந்தார். தொட்டி கழுவ, சதையை வேகவைத்துவிடும் காஸ்டிக் சோடாக் கரைசல் வைத்திருப்பார்கள். கேனிலிருந்து அடிக்கடி ஊற்றுவது சிரமம் என்று யாரோ அதைக் காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டார்கள். பல இடங்களில் இதைச் செய்வார்கள். காலி பாட்டிலுக்கா பஞ்சம்? அந்தக் கரைசலுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சித்திரை வெயிலில் உலைப் பக்கமிருந்து தாகத்தோடு வந்த தயாளன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டார்.

கூட இருந்தவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாந்தி எடுக்கட்டும் என்று உப்பையும் புளியையும் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இறங்கும்போது வெந்த இடம் ஏறும்போது மறுபடியும் வெந்தது. எங்களிடம் கொண்டுவந்தபோது அவரால் வாயை மூட முடியவில்லை. உதடு வீங்கி, எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் மனைவி செல்வி, "ஒரு வாய்தான் சிஸ்டர், ஒரே வாய்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சென்னைக்கு அனுப்பினோம். உயிர் தப்பியது. ஆனால் வெந்த உணவுக்குழாய் ஆறும்போது சுருங்கி மூடிக்கொண்டது. எச்சில்கூட இறங்காது. வயிற்றில் துளை போட்டு நேரே இரைப்பைக்குள் ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். அதில் வேளாவேளைக்கு ஆகாரம் ஊற்றி உடம்பைத் தேற்ற வேண்டும். எடை ஏறினால் பெருங்குடலில் ஒரு துண்டை எடுத்து மேலே கொண்டுபோய்ப் புது வழி அமைப்பார்கள். எடை ஏறாவிட்டால் ஆபரேஷன் மேஜை மேலேயே போய்விடுவார், தொட மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அந்த ஆளுடைய உயிர் எடையில் இருந்தது. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்க் குழாயைப் பார்த்து, எடை பார்த்து வரும் வேலை எனக்கு வந்தது.

முதல் சில வாரங்கள் ஆச்சரியமாக இருந்தது. இப்படி ஒரு நிலைமையில் மனிதன் அழுவான், சுவரில் முட்டிக்கொள்வான் என்று எதிர்பார்த்துப் போனேன். தயாளன் எச்சில் துப்ப ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். குரல் கரகரத்திருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல சிஸ்டர். பசி இல்ல. ருசி இல்ல. கேண்டீன் க்யூல நிக்க வேணாம். கொயம்பு நல்லா இல்லன்னு ஊட்ல சண்ட இல்ல. நாஷ்டாவுக்கு இன்னான்னு ரோசன இல்ல. துட்டும் மிச்சம். நிம்மதியா கீறேன்."

நான் நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாகவும் இருந்தது. தொண்டையில் ஒன்றும் அடைக்காது, தடம் மாறாது. எனக்குத் தெரிந்து சாப்பாட்டினால் சாகவே முடியாத ஒரே மனிதர் இவர்தான் என்று தோன்றியது. திரும்பும் வழியில் பஸ்ஸில், இதுவும் ஒரு நல்ல வாழ்க்கைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எடைக்கருவி வேறு கதை சொன்னது. வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் ஆகாரத்தைக் கூட்டினார். அப்படியும் இறங்கியது. கன்னம் ஒட்டி, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வாரம் எவ்வளவு குறைந்திருக்குமோ என்று.

அந்த வீட்டில் இன்னொன்றும் என்னைப் பயமுறுத்தியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. வீடு படுசுத்தமாக இருக்கும். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். குழந்தைகள் பக்கத்து வீட்டு அஞ்சலையம்மாள் வீட்டிலிருந்து வரும்போது கையும் வாயும் சோப்பு மணக்கும். ஒருநாள் மூலையில் இருந்த கேஸ் அடுப்பைப் பார்த்தேன். அதன்மேல் ஒரு பழைய துணி போர்த்தியிருந்தது. துணியின் மேல் தூசு.

செல்வியை வெளியே கூப்பிட்டு விசாரித்தேன். மென்குரலில் சொன்னாள். தயாளனுக்கான ஆகாரம் ஆஸ்பத்திரிப் பவுடர், அதற்குக் கெட்டிலில் வெந்நீர் போதும். மற்றபடி அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அந்த வீட்டில் சமைக்கவே இல்லை. அவளும் குழந்தைகளும் அஞ்சலையம்மாள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டால் ஏப்பம் விடாமல், வாசனை தெரியாமல் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். சாப்பாடு என்கிற சொல்லையே அவர் எதிரில் யாரும் சொல்லக்கூடாது என்று குழந்தைகளுக்கு உத்தரவு.

"அவரு ஆசப்பட்டு ஏங்கிப்பூடுவாரு சிஸ்டர். நம்ப துன்னுறத அவரு எப்டிப் பாத்துக்கினு இருப்பாரு?" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று கை கழுவ வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். தண்ணீர் போகும் சாக்கடையோரம் சுவரை ஒட்டிக் கறுப்பாக ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு. கட்டெறும்பும் சிற்றெறும்பும் ஒன்றின்மேல் ஒன்றாக, சுவரில் வெள்ளையாகக் காய்ந்திருந்த கோட்டை மொய்த்துக்கொண்டிருந்தன. விரலால் தொட்டு முகர்ந்தேன். வெனிலா வாசனை. ஆஸ்பத்திரிப் பவுடருக்கு அந்த வாசனைதான். நானே குழாயில் ஊற்றிக்கொள்கிறேன் என்று செல்வியை அனுப்பிவிட்டு, இந்த ஆள் அத்தனையையும் இங்கே ஊற்றியிருக்கிறார்.

உள்ளே போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"தம்பி, கஞ்சியப் பின்னாடி ஊத்திடறீங்களா?"

அவர் மறுக்கவில்லை. குவளையில் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"யாருக்கு ஊத்தறது சிஸ்டர்?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா?" என்று மூடியிருந்த அடுப்பைப் பார்த்தார். "சாவு வுயுந்த ஊட்லதான சிஸ்டர் அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க? அக்கம்பக்கத்துல சோறு ஆக்குவாங்க. பசங்கள அங்க இட்டுக்கினு போய்த் துன்ன வைப்பாங்க. எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க. எல்லாம் இங்க நடக்குது. நானு குந்திக்கினு பாத்துக்கினு கீறேன். இன்னும் எடுத்துக்கினு போவல, அவ்ளோதான்."

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிறவரைக்கும் அடுப்பு மூட்டுவதில்லை, எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அந்த வழக்கத்தை, உட்கார்ந்து பார்க்கிற ஒருவருடைய வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. பசியில்லை, ருசியில்லை, நிம்மதி என்று அவர் எனக்குச் சொன்னதெல்லாம் செத்தவன் பேச்சு. நான் அதைக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

வாசல்படியில் செல்வி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"கொயம்பு வாசன வந்தா நீ ஏங்கிப்பூடுவன்னுதானேயா நான் அத்தத் தொடல?" என்று அழுதாள்.

"ஏங்கிக்கினாவது கெடப்பேன்ல" என்றார் தயாளன்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். வாயில் போட்டு மென்று ருசி பார்த்துத் துப்பட்டும், ஆனால் ஒரு பருக்கைகூட உள்ளே போகக்கூடாது, போனால் அடைபட்ட குழாயின் மேல் தேங்கி மூச்சுக்குழாய்க்குள் சரியும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் பக்கத்தில் உட்காரப் போவது நான்தானே. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோசலின் சிஸ்டர் அப்போது எங்கள் எல்லாருக்கும் மேலே சூப்பரிண்டெண்டாக இருந்தார். அவர் அறைக்குப் போய் நின்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"எப்படி உட்கார வைப்பே?"

"நிமிர்ந்து சிஸ்டர். கால் தரையில பட. தாடை கொஞ்சம் கீழ."

"எவ்வளவு கொடுப்பே?"

"கத்திரிக்கா ஒரு துண்டு. முள்ளு கிடையாது, நார் கிடையாது."

"பேசலாமா?"

"வாயில இருக்கும்போது யாரும் பேசக்கூடாது."

"விழுங்கிட்டா?"

"முன்னால குனிய வெச்சு ரெண்டு தோளுக்கும் நடுவுல தட்டுவேன்."

"அப்பவும் வரலன்னா?"

"தெரியல சிஸ்டர்." திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அதுக்கு எங்கிட்டயும் பதில் இல்ல. ஆம்புலன்சத் தெருமுனையில நிப்பாட்டிட்டுப் போ" என்றார். நான் கதவருகே போனதும் மறுபடி கூப்பிட்டார். "அவன் மூஞ்சியப் பாக்காதே. தொண்டையப் பாரு. மூஞ்சியப் பாத்தா உனக்கு இரக்கம் வந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். செல்வி ஒத்துக்கொள்ளவே இல்லை. அடைத்துவிடுமே என்கிற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய சங்கடம் துப்புவது.

"சோத்தத் துப்பறதா சிஸ்டர்? கீழ ஒரு பருக்க சிந்துனாலே பொறுக்கி எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிற ஊடு இது. அத்த மென்னுட்டுத் துப்பச் சொல்றீங்களே."

தயாளன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டியைத் திறந்து இன்னும் புழங்காத ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். எச்சில் குவளையில் சோறு விழக்கூடாது என்றாள். அப்புறம் அடுப்பின்மேல் இருந்த துணியை உருவினாள். லைட்டரை நாலைந்து தடவை சொடுக்கியும் பற்றவில்லை. பிறகு நீலமாகப் பிடித்துக்கொண்டது. கருவாடு போட்டுக் கத்திரிக்காய்க் குழம்பு. அவர் கேட்டது அதுதான். புளி கொதிக்கிற வாசனை வீடு பூராவும் ஏறியது. தயாளனின் மூக்கு விடைத்தது. வாயில் எச்சில் ஊறி ஊறிக் குவளையில் துப்பிக்கொண்டே இருந்தார். எனக்கு அதைப் பார்த்ததும் பயம் இரட்டிப்பாயிற்று. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு எப்படி விழுங்காமல் இருப்பார்?

குழந்தைகளை அஞ்சலையம்மாள் வீட்டில் விட்டிருந்தோம். தயாளனை நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஒரு துண்டுக் கத்திரிக்காயை விரல்நுனி அளவுக்குக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, "வாயில வைக்கிறேன். மெல்லலாம். விழுங்கக்கூடாது. நான் துப்புன்னதும் துப்பணும்" என்று சொல்லி நாக்கில் வைத்தேன். பிறகு அவர் தொண்டையைப் பார்த்தேன்.

மென்றார். தாடை மெதுவாக அசைந்தது. தொண்டைக்குமிழ் ஒரு முறை மேலே ஏறப் பார்த்து நின்றது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்குவது தெரிந்தது. முகத்தைப் பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டேன். "துப்புங்க" என்றேன். துப்பவில்லை. "தம்பி, துப்புங்க!" என்றேன். குமிழ் விசுக்கென்று மேலே ஏறி இறங்கியது.

ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பயங்கரம். இருமல் வந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். அவர் இருமவில்லை. இரண்டு கையும் கழுத்துக்குப் போயின. உதடு நிறம் மாறியது. அவரை முன்னால் மடக்கித் தள்ளி, முதுகில் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். ரோசலின் சிஸ்டர் பதில் இல்லை என்று சொன்ன இடத்துக்கு வந்து நிற்கிறேன் என்று தெரிந்தது. தெருமுனையில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஆனால் தெருமுனை என்பது அந்த நேரத்தில் சென்னைக்கும் அப்பால் இருந்தது. செல்வி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தாள். ஆண்டவரே ஆண்டவரே என்று கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். என் பலம் முழுவதையும் சேர்த்து இன்னொரு அடி. எச்சிலும் குழம்பும் கத்திரிக்காயுமாகத் தரையில் வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு பெரிய இருமல். அதைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அவர் மூச்சு சீராகும்வரை முதுகைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டேன். உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. இனி இந்த விபரீதம் வேண்டாம், போதும், நானே சிஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று தீர்மானம் செய்துகொண்டேன். செல்வியும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். எழுந்து போய் அடுப்பின் குமிழைத் திருகக் கை நீட்டினாள்.

"அணைக்காத" என்றார் தயாளன். குரல் காற்றாகத்தான் வந்தது. "உப்பு பத்தல."

செல்வி அப்படியே திரும்பினாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"யோவ்! செத்துப் பொழச்சு வந்து உப்பு பத்தலன்றியா? இங்க எனக்கு உசுரே பூட்ச்சுய்யா! உப்பாம் உப்பு! பத்தலன்னா ஏந்து வந்து நீயே போட்டுக்க!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

அந்தச் சத்தத்தில் அஞ்சலையம்மாள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். வாசலில் மார்பில் கையை வைத்து, ஒப்பாரிக்கு வாயைத் திறந்தவள், உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் உப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தயாளன் எழுந்தார். குழாய் தொங்கும் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக அடுப்பண்டை போய், ஜாடியிலிருந்து உப்பை எடுத்துக் குழம்பில் போட்டார்.

அதற்குப் பிறகு துப்பச் சொன்னால் துப்பினார். பயம் அவருக்கும் வந்துவிட்டது. எடை ஏறக் கொஞ்ச காலம் பிடித்தது, ஆனால் ஏறியது. சென்னையில் அறுவை நடந்தது. இன்று அவர் வாயால் சாப்பிடுகிறார், நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரை மட்டும் விரலில் தொட்டுப் பார்க்காமல் குடிப்பதில்லை. ஊர் விசேஷங்களில் பார்த்தால் எனக்கு இன்னும் அவர் தொண்டையில்தான் கண் போகும்.

ஆனால் நான் மறக்காதது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். புறப்பட எழுந்த என்னைத் தயாளன் இருக்கச் சொன்னார். வேளை ஆகிவிட்டது என்று பவுடரைத் தானே கரைத்து, சிரிஞ்சைக் குழாயில் மாட்டி, கையை உயரத் தூக்கிப் பிடித்தார். கஞ்சி மெல்ல இறங்க ஆரம்பித்தது. குழந்தைகள் இரண்டும் அஞ்சலையம்மாள் வீட்டிலிருந்து வந்து, குழம்பு வாசனையைப் பிடித்ததும் பயந்துபோய் அம்மா முகத்தைப் பார்த்தன. செல்வி தட்டுகளை எடுத்து வந்து, அவர் கண்ணெதிரிலேயே வரிசையாக வைத்துச் சோறு போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிசைந்து முதல் வாய் வைத்தாள். அவர் சிரிஞ்சைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உப்பு சரியா கீதா?" என்று கேட்டார்.